சின்ன வளையல்... பெரிய பாடம்!

பழனிக்குப் பக்கத்தில் உள்ள பாலசமுத்திரம் எங்கள் ஊர். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். என் அனுபவத்தை நம் பக்கத்துத் தோழிகளிடம் பகிர்ந்து கொண்டால் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் அவள் பிறந்த நாளுக்கு என் தம்பி ஒரு பார்பி பொம்மை வாங்கி வந்தான். இரண்டு நாள் தூக்கத்தில் கூட அதை விடவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள்.

"அம்மா, அவ பொம்மைக்கு ஏழு டிரஸ், செருப்பு, கைப்பை எல்லாம் இருக்கு. என் பொம்மைக்கு மட்டும் ஒரே கவுன்தாம்மா."

பழனி கடைவீதியில் விசாரித்தேன். பொம்மை விலையில் பாதிக்கு மேல் ஒரு டிரஸ் செட்டுக்கே கேட்டார்கள். 'ஊருக்கே தைத்துக் கொடுக்கிறோம், ஒரு பொம்மைக்குத் தைக்கத் தெரியாதா?' என்று வெறுங்கையோடு திரும்பி விட்டேன்.

ஆனால் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்தது. பொம்மையின் உயரம் 11½ அங்குலம். நம் அளவில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கு. ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்து, பழைய சின்னாளபட்டிச் சேலையில் 92 செ.மீ. வெட்டிக் கட்டினேன். கொசுவம் தலையணை மாதிரி புடைத்துக் கொண்டு நின்றது! நீளத்தைக் குறைக்கலாம், துணியின் தடிமனைக் குறைக்க முடியுமா? அப்புறம் 60 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் என்று வெட்டி, மூன்றே மடிப்பு வைத்துத் தைத்து, இடுப்பில் ஒரு கொக்கி போட்டேன். அழகாக நின்றது. (துணியைத் தனியாக இஸ்திரி போட்டு விட்டுத்தான் கட்ட வேண்டும். பொம்மையும் முடியும் சூடு தாங்காது.)

பொம்மைக்குக் கை மடங்காது. அதனால் ரவிக்கையை முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு விட்டு, பிரஸ் பட்டன் வைத்தேன். கரண்ட் வயருக்குள் இருக்கும் கம்பியை உருவி விட்டு, மேல் உறையை வளையம் வளையமாக நறுக்கினால் வளையல். கிழிந்த பட்டுச் சேலையின் ஜரிகை நூலில் பொடிப் பாசிமணி கோத்தால் காசுமாலை. தீப்பெட்டி மேல் வெல்வெட் துண்டு ஒட்டினால் கைப்பை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செருப்பு.

"உயிரில்லாத பொம்மைக்கு ஒரு ரவிக்கை, அதுக்கு ஒரு கொக்கி! வேலையத்த வேலைம்மா" என்றார் என் மாமியார். "வீட்டுல ஒரு வயரையும் விடமாட்ட போல" என்று வீட்டுக்காரரும் சிரித்தார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நவராத்திரிக்குப் பக்கத்துத் தெரு மாமி வீட்டுக்குப் போனபோது மனம் மாறியது. கொலுப்படியில் அவர் கல்யாணச் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி. செம்மரத்தில் செய்தது. அதற்குக் குட்டிப் புடவை, குட்டி வேஷ்டி, கழுத்தில் மணிமாலை! "வருஷா வருஷம் புதுசா தைப்பேன்டி. என் பாட்டி காலத்து வழக்கம்" என்றார். நம் பாட்டிமார் அன்றைக்கே செய்ததைத்தானே நானும் செய்கிறேன்?

பார்பியைப் பற்றியும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ரூத் ஹேண்ட்லர் என்ற பெண்மணி, தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளுக்கு உடை மாற்றி விளையாடுவதைப் பார்த்து யோசித்தாராம். 1959 மார்ச் 9-ந் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானது. ஆரம்ப காலத்தில் அதன் உடைகளை ஜப்பானில் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவர்கள் சாதாரணப் பெண்கள். உலகம் முழுக்கப் போன பொம்மையின் சட்டைக்குப் பொத்தான் தைத்த அந்தக் கைகளும் என் கை போலத்தான் இருந்திருக்கும். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

மகளின் வகுப்புத் தாய்மார்கள் கேட்டார்கள். சேலை, ரவிக்கை, நகை சேர்த்து ஒரு செட் 150 ரூபாய் என்று ஆறு செட் செய்து கொடுத்தேன். 900 ரூபாய்! அதில் மகளுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், மாமியாருக்கு ஒரு துண்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு நாத்தனார் வந்திருந்தார். அவருடைய பையனுக்கு ஒன்றரை வயது. நான் அடுப்படியில் இருந்தேன். தையல் மிஷின் பக்கத்தில் மணி டப்பா திறந்தே கிடந்திருக்கிறது. திடீரென்று குழந்தையின் அலறல். மூக்கில் ஒரு பாசிமணி! நாத்தனார் பதற்றத்தில் ஊக்கை வைத்து எடுக்கப் போனார். மாமியார் கையைப் பிடித்துத் தடுத்து, "நோண்டாதே, உள்ளே போயிடும். டாக்டர்கிட்ட ஓடுங்க" என்றார். டாக்டர் ஒரு நிமிடத்தில் எடுத்து விட்டார். "மூக்கோடு போச்சு. மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா?" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணி, உங்க பொம்மை விளையாட்டுக்கு என் பிள்ளைதான் கிடைச்சானா?" என்று நாத்தனார் அழுதார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தப்பு என்னுடையதுதான். அன்று இரவே எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டு விட்டேன். மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பொம்மையையும் தானே கொண்டு வந்து கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பனையோலை கிழித்துக் கொண்டிருந்தார். ஓலையில் பெட்டி, கிலுகிலுப்பை முடைவதில் அவர் கெட்டிக்காரர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "ஏம்மா, தப்பு மணி மேலயா? மூடாத டப்பா மேலதானே? கிலுகிலுப்பைக்குள்ள கல்லுதான் போடுறோம். ஆனா வெளியே வராம முடைஞ்சிருவோம். கைக்குழந்தைக்குக் கொடுக்குற சாமான் அது வாயை விடப் பெருசா இருக்கணும். இதுதான் கணக்கு" என்றவர், ஓர் அங்குல ஓலைப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். மூடியோடு! "இது உன் மக பொம்மைக்கு."

பொம்மைப் பாதுகாப்பு விதிகளைப் படித்தபோது அசந்து போனேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில், 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் சிறு துண்டு இருக்கக் கூடாதாம். மாமியார் சொன்ன அதே வாய்க் கணக்கு!

இப்போது மீண்டும் செய்கிறேன். ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. மணி டப்பா பூட்டிய அலமாரியில். குழந்தைகள் தூங்கிய பிறகே வேலை. முடித்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைத்து விடுவேன். குண்டூசியில் கம்மல் செய்வதை அடியோடு விட்டு விட்டேன். கேட்பவர்களிடம் "வீட்டில் மூன்று வயசுக்குக் கீழே குழந்தை இருக்கா?" என்று கேட்பேன். இருந்தால் சேலை, ரவிக்கை மட்டும்தான். நகை, செருப்பு கிடையாது. பிரஸ் பட்டனுக்குப் பதில் நாடா.

இன்னொன்று. 14 வயதுக்குட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருட்களை விற்க 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்கு விசாரித்துக் கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும் வரை காசு வாங்குவதில்லை. தெரிந்த பிள்ளைகளுக்குச் சும்மாதான் செய்து கொடுக்கிறேன்.

நாத்தனார் இப்போதும் வீட்டுக்கு வந்தால் முதலில் தரையைத்தான் பார்க்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தோழிகளே, உங்கள் கைவேலையை 'வேலையத்த வேலை' என்று யார் சொன்னாலும் விட்டு விடாதீர்கள். ஆனால் டப்பாவை மட்டும் மறக்காமல் மூடி வையுங்கள்!

- ஒரு வாசகி, பாலசமுத்திரம்.