வயலும் தொழுவமும்

நுழையும்முன்

பயிர்த்தொழிலும் கால்நடை வளர்ப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றன் எச்சம் மற்றொன்றன் உணவாகும் அவ்வுறவையும், அது அறுந்தால் நேரும் இழப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

பட்டு நெசவாலும் வரதராசப் பெருமாள் கோயிலாலும் புகழ்பெற்றது சின்ன காஞ்சிபுரம். தறியொலி கேட்கும் தெருக்களைக் கடந்து ஊர்ப்புறம் சென்றால், ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்வயல்களைக் காணலாம். நெல்லும் நிலக்கடலையும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள்.

வயல் தரும் தீவனம்

நெற்பயிரில் மனிதர் உண்பது அரிசியை மட்டுமே. வைக்கோலும் தவிடும் மாட்டுக்குத் தீவனமாகின்றன. நிலக்கடலையின் கொடியும், எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கும் அவ்வாறே பயன்படுகின்றன. மனிதரால் செரிக்க இயலாத வைக்கோலை மாடு செரிப்பது எவ்வாறு? அசைபோடும் மாட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகள் நார்ப்பொருளைச் சிதைத்து, மாட்டின் உடல் ஏற்கும் சத்தாக மாற்றுகின்றன. வயலில் எஞ்சிய தாள் இவ்வாறே பாலாகவும் உழைப்பாகவும் உருமாறுகிறது.

தொழுவம் தரும் உரம்

யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. தொழுவுரத்திலோ ஏறத்தாழ 0.5 விழுக்காடுதான். எனினும் நெல்வயலுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுமாறு வேளாண் அறிஞர் பரிந்துரைக்கின்றனர். அதன்வழி ஏறத்தாழ 62 கிலோ தழைச்சத்து மண்ணில் சேர்ந்து, சிறிது சிறிதாகப் பயிருக்குக் கிடைக்கிறது. யூரியா தழைச்சத்தை மட்டும் தரும். தொழுவுரம் மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றோடு கரிமப்பொருளையும் தருவதால் மண் பொலபொலப்பாகி நீரைத் தேக்கி வைக்கிறது. மண்வாழ் உயிர்கள் பெருகுகின்றன.

அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் நம் உழவர் மரபு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளுக்குரிய செம்மறியாட்டினம் ‘மெட்ராஸ் சிவப்பு’ ஆகும். ஆடுகள் பகலில் அடித்தாளையும் களைகளையும் மேய்கின்றன. இரவில் அவை கிடையில் இடும் புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் சேர்கின்றன. உரத்தைச் சுமந்து செல்லும் செலவு இல்லை. ஆட்டுக்காரருக்கு மேய்ச்சலோடு கூலியும் கிடைக்கிறது.

உறவு அறுந்தால்

அமெரிக்கப் பண்ணைகளிலும் ஒருகாலத்தில் மக்காச்சோளமும் மாடும் பன்றியும் ஒருங்கே வளர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேதியுரம் மலிந்தது. பயிர் ஓரிடத்திலும் கால்நடை வேறோரிடத்திலுமாகப் பெரிதும் பிரிந்தன. வயல்கள் உரத்தை விலைக்கு வாங்கின. கால்நடைக் கூடங்களில் குவிந்த சாணம் நீர்நிலைகளை மாசுபடுத்தியது.

நம் நாட்டிலும் டிராக்டர் வந்தபின் உழவு மாடுகள் குறைந்துவிட்டன. அறுவடை இயந்திரம் சிதறவிடும் வைக்கோல் சிலவிடங்களில் வயலிலேயே எரிக்கப்படுகிறது. அத்தீயில் ஒரு மாட்டின் தீவனமும் அடுத்த பருவத்தின் உரமும் சேர்ந்தே அழிகின்றன. இயந்திரத்தைக் கைவிட வேண்டுவதில்லை. வைக்கோலைக் கட்டுகளாகத் திரட்டிக் காப்பதும், ஓரிரு கறவை மாடுகளை வளர்ப்பதும், கிடை போடும் வழக்கத்தைத் தொடர்வதும் சிறு உழவராலும் இயலும். மழை பொய்த்து விளைச்சல் குறையும் ஆண்டிலும் அக்குடும்பத்துக்குப் பால் வருவாய் கைகொடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் ‘செல்வம்’ என்றும் பொருளுண்டு. திருக்குறளில் அச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது.