வீட்டுக் கைத்தொழிலும் இணையச் சந்தையும்



முன்பெல்லாம் சம்பள நாளன்று துணி மூட்டையுடன் வியாபாரி தோட்டத்துக்கு வருவார். சேலையை விரித்துப் பார்ப்போம், கையால் தடவிப் பார்ப்போம், விலை பேசுவோம். பிடிக்காவிட்டால் மடித்துக் கொடுத்துவிடுவோம். இன்று அந்தச் சந்தை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கை, மணிமாலை, பின்னல் பை, முறுக்கு, ஊறுகாய் என்று பல பொருள்களைப் பெண்கள் வீட்டிலேயே செய்து, பேஸ்புக், வாட்ஸ்அப், டிக்டோக் வழியாக விற்கிறார்கள். கிள்ளானில் தைத்த ரவிக்கை கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. வசதிதான். ஆனால், தொட்டுப் பார்க்க முடியாத ஒரு பொருளுக்கு முதலிலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே, முன்னைவிட அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

அந்தப் பணம் எத்தகைய பணம் என்று சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் உழைப்பின் மதிப்பு ஏறக்குறைய 65 வெள்ளி. 130 வெள்ளிக்கு ஒரு ரவிக்கை வாங்கினால், இரண்டு நாள் செம்பனைக் குலை வெட்டிய கூலியைக் கொடுக்கிறோம் என்று பொருள். அதை ஏமாந்து இழக்கலாமா?

அதே வேளையில், விற்பவரின் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் செய்த பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை என்று பலர் கேட்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு ரவிக்கைக்குத் துணி, நூல், மணி, கல் எல்லாமாக 45 வெள்ளி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு 15 மணி நேரம் பிடிக்கிறது. அதை 120 வெள்ளிக்கு விற்றால் மிஞ்சுவது 75 வெள்ளி. அதாவது, மணிக்கு 5 வெள்ளிதான் கூலி. இதில் மின்சாரமும் ஊசி தேய்மானமும் சேரவில்லை. அந்தப் பெண்ணிடம் “பாதி விலைக்குத் தருவீர்களா?” என்று கேட்பது நியாயமா? நம் கூலியைக் குறைத்தால் நாம் பொறுப்போமா? தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்த பொருளின் விலையோடு கைவேலையின் விலையை ஒப்பிடுவது பொருந்தாது.

இந்தக் கணக்கு இன்னொரு வகையிலும் நமக்கு உதவும். 15 மணி நேரக் கைவேலை என்று சொல்லி ஒருவர் 25 வெள்ளிக்கு விற்றால் சந்தேகப்பட வேண்டும். ஒன்று, அது இயந்திர வேலையாக இருக்கும். அல்லது பொருளே இல்லாமல் பிறருடைய படத்தைத் திருடிப் போட்டிருப்பார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆழம் பார்ப்பது எப்படி? முதலாவது, விற்பவரிடம் புதிய படம் கேளுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதி, பொருளின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. ஏமாற்றுக்காரர் சாக்குப்போக்குச் சொல்வார். இரண்டாவது, விற்பவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். வியாபாரத்தைப் பதிவு செய்திருந்தால் அதன் எண்ணையும் கேளுங்கள். மூன்றாவது, பணம் அனுப்பும் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் ஒருவர், கணக்கு வேறொருவர் பெயரில் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கணக்கு எண்ணைப் பற்றியோ தொலைபேசி எண்ணைப் பற்றியோ மோசடிப் புகார் இருக்கிறதா என்று பார்க்க, மலேசியப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ என்னும் இணையச் சேவை இருக்கிறது. புகார் இல்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடமாட்டார். ஆனால் புகார் இருந்தால் விலகிக்கொள்ளலாம்.

ஷோப்பி போன்ற சந்தைத் தளத்தில் வாங்கினால், பொருள் நம் கைக்கு வரும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். “தளம் வேண்டாம், தனியாகப் பணம் அனுப்புங்கள், விலை குறைத்துத் தருகிறேன்” என்று சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலி எதையும் கைத்தொலைபேசியில் ஏற்றாதீர்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். பொருள் விற்க அந்த எண் யாருக்கும் தேவையில்லை.

இனி, பொருள் சொல்லும் முறை. கைவேலையில் பெரும்பாலான சச்சரவுகள் தெளிவாகப் பேசாததால் வருகின்றன. ரவிக்கை என்றால் அளவு, நிறம், கழுத்து அமைப்பு, முடிக்கும் நாள், அனுப்பும் செலவு, முன்பணம் எவ்வளவு என்று அனைத்தையும் எழுத்தில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். உங்கள் அளவுக்கே வெட்டித் தைத்ததை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே, மனம் மாறிவிட்டது என்று திருப்ப எண்ணாதீர்கள். தின்பண்டம் என்றால் செய்த நாள், சேர்த்த எண்ணெய், எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள். தீபாவளிக்குத் தேவையானதை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொட்டலம் லயத்துக்கு வருமா, தோட்ட அலுவலகத்தில் வைத்துவிடுவார்களா என்பதையும் விசாரித்து, முகவரியைத் தெளிவாகக் கொடுங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது மகனையோ மகளையோ படம் பிடிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பேசிய செய்திகளையும் அழிக்காதீர்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் முதலில் விற்பவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நல்லவர் சரி செய்து தருவார். மறுத்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை. சொன்ன விவரத்துக்கு ஏற்பப் பொருள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது மலாயில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ என்று சொல்லும் மன்றத்தில், 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், யார் மீது வழக்கு என்று எழுதப் பெயரும் முகவரியும் வேண்டும். அவற்றை முதலிலேயே கேட்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

பணம் வாங்கிய ஆள் மாயமாகிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நேயர்களே, இவ்வளவு சொன்னதால் வாங்கவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் தைத்தும் சமைத்தும் விற்பவர்களில் நம் தோட்டத்துப் பெண்களும் இருக்கிறார்கள். அந்த வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடக்கிறது. முதல் முறை சிறிய பொருளாக வாங்கிப் பாருங்கள். நன்றாக இருந்தால் பேசிய பணத்தை நேரத்தோடு கொடுங்கள்; நாலு பேரிடம் சொல்லுங்கள். விசாரித்து வாங்கினால் உங்கள் கூலியும் வீண்போகாது, அவர்கள் உழைப்புக்கும் பலன் கிடைக்கும்.