வேர்ட்பிரஸ்: புதிய வசதிகளை யார் முடிவு செய்கிறார்கள்? தமிழுக்கு அதில் எவ்வளவு இடம்?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கவும், ரயில் டிக்கெட் பதிவு செய்யவும், பிள்ளைகளின் பாடங்களுக்குத் தகவல் தேடவும் பழகிவிட்டீர்கள். அடுத்து பலருக்கும் வருகிற ஆசை, "நமக்கென்று ஓர் இணையதளம் இருந்தால் என்ன?" என்பதுதான்.

ராயபுரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நீங்கள் நடத்துவதாக வைத்துக் கொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்கு வரும் விசைப்படகுக்காரர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். எந்த எஞ்சினில் என்ன கோளாறு அடிக்கடி வரும், கடலுக்குப் போகும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி ஒரு தளத்தில் வைத்தால், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்கள்கூட தேடிப் படிப்பார்கள். பின்னர் பட்டறைக்கும் வருவார்கள். ஆனால் இதற்காக எச்.டி.எம்.எல். படித்துக் கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

இங்குதான் சி.எம்.எஸ். எனப்படும் கன்டென்ட் மேனேஜ்மெண்ட் சிஸ்டம் கை கொடுக்கிறது. மெயில் எழுதுவது போல ஒரு கட்டத்திற்குள் டைப் செய்து, "வெளியிடு" என்ற பட்டனில் கிளிக் செய்தால் போதும். பக்கத்தை அமைப்பது, தேதி வாரியாக அடுக்குவது, படங்களைச் சேர்ப்பது எல்லாவற்றையும் அந்த சாப்ட்வேர் பார்த்துக் கொள்ளும். இவ்வகையில் உலகில் அதிகம் பயன்படுவது வேர்ட்பிரஸ். இண்டர்நெட்டில் உள்ள தளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை இதில் இயங்குவதாக இத்தகைய கணக்கெடுப்பை நடத்தும் டபிள்யூ3டெக்ஸ் தளம் கூறுகிறது. இதற்கு விலை எதுவும் இல்லை.

விலை இல்லை என்றால், இதனை எழுதுவது யார்? புதிய வசதி வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது? அவர்கள் பேசி எடுக்கும் முடிவு ராயபுரத்து பட்டறைத் தளத்தை எப்படிப் பாதிக்கிறது? பார்க்கலாம்.

நின்று போன ஒரு சாப்ட்வேரில் இருந்து பிறந்தது

பிரான்சைச் சேர்ந்த மைக்கேல் வால்ட்ரிகி என்பவர் 2001ல் பி2 என்ற சாப்ட்வேரை எழுதினார். சில காலம் கழித்து அவர் அதில் வேலை செய்வதை நிறுத்திவிட்டார். அதனைப் பயன்படுத்தியவர்கள் தவித்தார்கள். அப்போது அமெரிக்காவில் 19 வயது மாணவராக இருந்த மேட் முல்லன்வெக், 2003 ஜனவரியில் "நாமே இதனைத் தொடர்ந்தால் என்ன?" என்ற எண்ணத்தை இண்டர்நெட்டில் எழுதினார். இங்கிலாந்தில் இருந்து மைக் லிட்டில், "நானும் வருகிறேன்" என்றார். 2003 மே 27ல் வேர்ட்பிரஸ் 0.7 வெளியானது.

முன்பின் பார்த்திராத இருவர் இன்னொருவர் எழுதிய சாப்ட்வேரைத் தொடர முடிந்ததற்குக் காரணம், அது ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்ததுதான். இந்த உரிமத்தில் வரும் சாப்ட்வேரை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். இதனைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறோம். எழுதியவர் விலகினாலும் சாப்ட்வேர் அநாதையாவதில்லை.

ஒரு புதிய வசதி எப்படி வருகிறது?

வேர்ட்பிரஸ்ஸில் ஒரு குறையைக் கண்டாலோ, புதிய வசதி தேவைப்பட்டாலோ, அதனை "டிக்கெட்" என்ற பெயரில் பதிவு செய்திட வேண்டும். பேங்கில் டோக்கன் வாங்குவது போல, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஓர் எண் கிடைக்கும். பல நாடுகளில் இருக்கும் புரோகிராமர்கள் அதனைப் படிப்பார்கள். "எனக்கும் இந்தப் பிரச்னை இருக்கிறது" என்பார் ஒருவர். "இதைச் சரி செய்தால் வேறொன்று கெட்டுப் போகும்" என்பார் மற்றொருவர். யாராவது ஒருவர் அதற்கான மாற்றத்தை எழுதித் தருவார். இதற்கு "பேட்ச்" என்று பெயர். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுகிறோமே, அதே பேட்ச்தான்.

பேட்ச் எழுத யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதனை மூல சாப்ட்வேரில் சேர்க்கும் அனுமதி, நீண்ட காலம் உழைத்து நம்பிக்கை பெற்ற சிலருக்கே தரப்படுகிறது. வாரந்தோறும் இவர்கள் இண்டர்நெட்டில் ஒரே நேரத்தில் கூடிப் பேசுகிறார்கள். அடுத்த பதிப்பில் எது வரும், எது காத்திருக்கும் என்பது அங்கே முடிவாகிறது. பின்னர் பீட்டா, அதன் பின் ரிலீஸ் கேண்டிடேட் எனச் சோதனைப் பதிப்புகள் வரும். அதில் தவறுகளைக் களைந்த பிறகே முழுப் பதிப்பு நம் கைக்குக் கிடைக்கும். பெரிய பதிப்புகளுக்கு ஜாஸ் இசைக் கலைஞர்களின் பெயரைச் சூட்டுவது இவர்கள் வழக்கம்.

இப்படி வந்த வசதிகளில் சிலவற்றைப் பாருங்கள். 2004ல் வந்த 1.2 பதிப்பில் பிளக்-இன். 2005ல் வந்த 1.5 பதிப்பில் தீம். 2007ல் 2.1 பதிப்பில், டைப் செய்து கொண்டிருக்கும்போதே தானாக சேவ் ஆகும் வசதி. நம் ஊரில் கட்டுரை எழுதும் நேரம் பார்த்து மின்சாரம் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2013ல் 3.7 பதிப்பில், பாதுகாப்பு ஓட்டைகளைத் தானாகவே அடைத்துக் கொள்ளும் அப்டேட் வசதி.

காசிமேட்டுப் படகும் 80 சதவீத விதியும்

கேட்கும் எல்லா வசதிகளையும் சேர்த்துவிட்டால் என்ன? காசிமேட்டில் ஒரு படகு கட்டுவதை நினைத்துக் கொள்ளுங்கள். அடிக்கட்டுமானம் எல்லாருக்கும் வேண்டும். எந்த வலை, எத்தனை ஐஸ் பெட்டி, என்ன வண்ணம் என்பது படகுக்காரரின் தொழிலைப் பொறுத்தது. எல்லாருடைய வலையையும் ஒரே படகில் ஏற்றினால் படகு நகராது.

வேர்ட்பிரஸ்ஸும் அப்படித்தான். அடிக்கட்டுமானம்தான் மூல சாப்ட்வேர். வலையும் ஐஸ் பெட்டியும் பிளக்-இன்கள். வண்ணம் தீம். பயன்படுத்துவோரில் 80 சதவீதமோ அதற்கு மேற்பட்டவர்களோ விரும்பும் வசதிகள் மட்டுமே மூல சாப்ட்வேரில் இருக்க வேண்டும் என்பது இவர்களின் எழுதி வைத்த கொள்கை. மீதி எல்லாம் பிளக்-இன் மூலம் சேர்த்துக் கொள்ள வேண்டியவை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகில் தமிழில் தளம் நடத்துவோர் ஒருநாளும் 80 சதவீதம் ஆகப் போவதில்லை. அப்படியானால் நமக்கு மட்டும் வரும் பிரச்னைகளுக்கு என்ன வழி? ஓர் உதாரணம் பார்க்கலாம்.

இருநூறு எழுத்து, இருபத்திரண்டு எழுத்தான கதை

நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் இணைய முகவரி வேண்டும். தலைப்பில் இருந்தே வேர்ட்பிரஸ் இதனை அமைத்துக் கொள்ளும். இதற்கு "ஸ்லக்" என்று பெயர். ஸ்லக்கிற்கு டேட்டாபேஸில் ஒதுக்கப்பட்ட இடம் 200 எழுத்துகள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது தாராளம்.

தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும் விதமே வேறு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி, யு.டி.எப்.-8 முறையில் மூன்று பைட் இடத்தை எடுக்கிறது. முகவரியில் அதனை எழுதும்போது, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதன் பின் இரண்டு எழுத்து அல்லது எண் என மூன்று இடங்களாக விரிகிறது. ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். 200ஐ ஒன்பதால் வகுத்தால் 22தான் கிடைக்கும். இதில் "ரா" என்பதுகூட ஓர் எழுத்து அல்ல. ரகரமும் காலும் சேர்ந்து இரண்டு குறிகள். புள்ளியும் தனிக் குறிதான். "ராயபுரம்" என்ற ஒரு சொல்லே எட்டுக் குறிகள், 72 இடங்கள்.

பட்டறைத் தளத்தில் "படகு எஞ்சின் பழுது பார்க்கும் முறை" என்று தலைப்பிடுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மூன்று சொற்களும் அவற்றை அடுத்து வரும் இடைவெளிகளும் 147 இடங்களை எடுத்துக் கொள்கின்றன. மிஞ்சிய 53ல் ஐந்து குறிகள்தான் அடங்கும். எனவே முகவரி "படகு-எஞ்சின்-பழுது-பார்க" என்று பாதியில் அறுந்து நிற்கும்! அதனைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெரும்பாலும் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகவே போகும். வைரஸ் என்று பயந்து பலர் கிளிக் செய்திட மாட்டார்கள்.

இது யாரும் வேண்டுமென்று செய்த தவறு அல்ல. 200 என்ற எண்ணை முடிவு செய்தபோது, கண் முன் இருந்தது ஆங்கில எழுத்து. ஆனால் அந்தச் சிறிய முடிவின் விலையை ஹிந்தி, தாய், தமிழ் எனப் பல மொழியினரும் கொடுக்கிறார்கள். நமக்கு என்ன வேண்டும் என்பதைப் பேசும் இடத்தில் நம் மொழிக்காரர்களும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சண்டைகளும் உண்டு

கூடிப் பேசுவோர் எப்போதும் ஒத்துப் போவதில்லை. 2018ல் வந்த 5.0 பதிப்பு, எழுதும் முறையையே மாற்றியது. பத்தி, படம், தலைப்பு ஒவ்வொன்றும் தனித்தனி பிளாக்காக அமைந்தது. அச்சுக் கலையின் முன்னோடியான குட்டன்பர்க்கின் பெயரை இந்த எடிட்டருக்கு வைத்தனர். பார்வையற்றோர் இதனைப் பயன்படுத்துவது கடினம் என்ற புகார் எழுந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கான வசதிகளைக் கவனித்து வந்த குழுவின் தலைவர் ரியன் ரீட்வெல்ட் 2018 அக்டோபரில் பொறுப்பில் இருந்து விலகினார். நவம்பரில் வர வேண்டிய பதிப்பு தள்ளிப் போய், டிசம்பர் 6ல் வெளியானது. பழைய முறையே போதும் என்போருக்காக கிளாசிக் எடிட்டர் என்ற பிளக்-இன் தரப்பட்டது. இன்றும் லட்சக்கணக்கான தளங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன.

2024 செப்டம்பரில் முல்லன்வெக்கிற்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்திற்கும் தகராறு முற்றி நீதிமன்றம் வரை போனது. இடையில் அந்நிறுவன வாடிக்கையாளர்கள் சில நாட்கள் பிளக்-இன் அப்டேட் பெற முடியாமல் தவித்தனர். இலவச சாப்ட்வேரிலும் ஒருவர் கையில் அதிக அதிகாரம் சேரலாம் என்பதை இது காட்டியது.

மனம் ஒப்பாதவர்கள் வேறு வழியும் தேடுவார்கள். 2005 ஆகஸ்டில் மேம்போ என்ற சி.எம்.எஸ்.ஸை உருவாக்கிய முக்கிய புரோகிராமர்கள், அதன் நிர்வாகம் பிடிக்காமல் மொத்தமாக வெளியேறி, அடுத்த மாதமே அதன் மூலத்தில் இருந்து ஜூம்லாவை வெளியிட்டனர். "எல்லாரும் சேர்ந்து" என்ற பொருள் தரும் ஸ்வாஹிலி சொல்லில் இருந்து வந்த பெயர் அது. இப்படிப் பிரிந்து போகும் உரிமை இருப்பதால்தான், சேர்ந்திருக்கும்போது மற்றவர் பேச்சைக் கேட்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தில் கிடைப்பதுதான் நீங்களே டவுண்லோட் செய்து எங்கும் வைத்துக் கொள்ளும் சாப்ட்வேர். இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

2. பணம் கட்டும் முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பழகிப் பாருங்கள். எக்ஸாம்ப் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், இண்டர்நெட் இல்லாமலே வேர்ட்பிரஸ்ஸை இயக்கலாம்.

3. தமிழில் தலைப்பிட்டாலும், வெளியிடும் முன் ஸ்லக் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமான பெயர் கொடுத்திடுங்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் இரண்டு சிறிய சொற்களோடு நிறுத்துங்கள். பிறகு மாற்றிக் கொள்ளலாம் என்று விட்டால், மற்றவர்கள் சேமித்து வைத்த முகவரி வேலை செய்யாமல் போகலாம்.

4. மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் வசதி மூலம் உங்கள் எழுத்துகளை ஒரு பைலாகச் சேமியுங்கள். இந்த பைலில் படங்கள் வராது. அவற்றைத் தனியாக காப்பி செய்திட வேண்டும்.

5. வேர்ட்பிரஸ் மெனுக்களைத் தமிழில் பார்க்கலாம். அமைப்புகளில் மொழியை மாற்றினால் போதும். தமிழ், தமிழ் (இலங்கை) என இரண்டு பிரிவுகள் உண்டு. ஏதேனும் சொல் புரியாமல் இருந்தாலோ, ஆங்கிலத்திலேயே நின்றிருந்தாலோ, மொழிபெயர்ப்புப் பகுதியில் இலவச கணக்கு தொடங்கி நீங்களே நல்ல சொல்லைப் பரிந்துரைக்கலாம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பட்டறைக்காரருக்கும், டியூஷன் எடுக்கும் ஆசிரியைக்கும் எந்தச் சொல் புரியும் என்பது வெளிநாட்டில் இருக்கும் புரோகிராமருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் ஒரே ஒரு மெனுவைத் தமிழில் படித்துப் பாருங்கள். இடறும் சொல் ஒன்று கிடைத்தால், அதனை மாற்றும் வேலையை உங்களிடம் இருந்தே தொடங்குங்கள்.