உரோமரின் வெள்ளிக் காசுகள்

பண்டை உரோமாபுரியில் வழங்கிய வெள்ளிக் காசுக்கு டினாரியஸ் என்று பெயர். கி.மு. 211 அளவில் தோன்றிய அக்காசு, கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியது. ஏறக்குறைய 4 கிராம் எடையுள்ளது. செய்தித்தாளும் வானொலியும் இல்லாத அந்நாளில், உழவனின் குடிசை முதல் போர்வீரனின் பாசறை வரை சென்று புகவல்ல பொருள் அதனைப்போல் வேறொன்று இல்லை எனலாம். ஆகவே, அதன்மீது யாருடைய உருவைப் பொறிப்பது, எச்சொல்லை எழுதுவது என்பது அரசியலில் ஒரு பெருவினாவாயிற்று.

தொடக்கத்தில் அக்காசுகளில் தெய்வ உருவங்களே இடம்பெற்றன. பின்னர், காசடிக்கும் பொறுப்பேற்றவர்கள் தம் முன்னோர் பெருமையைப் பொறிக்கலாயினர். ஆயினும், உயிரோடிருப்பவர் முகத்தைப் பொறித்தல் மன்னர்க்குரிய செயல் என்று கருதப்பட்டது. மன்னராட்சியை வெறுத்த குடியரசு அதனைப் பொறுக்கவில்லை. இவ்வரம்பைக் கடந்தவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 44ஆம் ஆண்டில் ஆட்சிமன்றத்தின் இசைவுடன் அவர் முகம் உரோமாபுரிக் காசில் ஏறிற்று. 'வாழ்நாள் முழுதும் சர்வாதிகாரி' என்னும் தொடரும் உடன் ஏறிற்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அவர் குத்திக் கொல்லப்பட்டார்.

கொன்றவருள் ஒருவரான புரூட்டஸ், தம் படைக்கு ஊதியம் அளிக்கும் பொருட்டுக் கி.மு. 42 அளவில் ஒரு காசு வெளியிட்டார். அதன் ஒருபுறம் இரண்டு குத்துவாள்கள். அவற்றின் நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. கீழே சீசர் இறந்த நாளைக் குறிக்கும் எழுத்துகள். கொலையை விடுதலை என்று கூறுதற்கு இதனினும் சுருங்கிய மொழி உண்டோ? ஆனால், காசைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருப்பது புரூட்டஸின் முகம்! எக்குற்றத்தைச் சீசர்மீது சாற்றினாரோ அக்குற்றத்தையே தாமும் செய்தார்.

மார்க் ஆண்டனி வேறு வழி கண்டார். கி.மு. 32, 31ஆம் ஆண்டுகளில் அவர் ஒவ்வொரு படைப்பிரிவின் எண்ணையும் தனித்தனியே பொறித்துக் காசடித்தார். தன் பிரிவின் எண்ணையும் கழுகுச் சின்னத்தையும் ஊதியக் காசிலேயே கண்ட வீரன் உள்ளம் பூரித்திருப்பான். அக்காசில் வெள்ளி குறைவு என்பது வேறு செய்தி.

ஆண்டனியை வென்று, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்றவர் இக்கலையில் எல்லாரினும் வல்லவர். அப்போர் உரோமரோடு உரோமர் பொருத போர். அவர் காசோ ஒரு முதலையை மட்டும் காட்டி, 'எகிப்து கைப்பற்றப்பட்டது' என்றது. கி.மு. 53இல் பார்த்தியரிடம் உரோமர் இழந்த படைக்கொடிகளை, கி.மு. 20இல் அவர் போரின்றிப் பேச்சினாலேயே மீட்டார். காசிலோ, பார்த்தியன் ஒருவன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகின்றான்!

தம் மகள் வயிற்றுப் பேரர்களாகிய கையஸ், லூசியஸ் இருவரையும் அகஸ்டஸ் மகன்மை கொண்டார். தமக்குப்பின் ஆளவிருப்பவர் இவரே என உலகம் உணருமாறு, கேடயமும் ஈட்டியும் உடன் விளங்க அவர்களைக் காசில் பொறித்தார். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்தனர். அவர்கள் உருவம் தாங்கிய காசுகளோ வணிகரோடு கடல் கடந்தன. கோயம்புத்தூர் வட்டாரத்துப் புதையல்களில் அவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றைக் கைந்நீட்டி வாங்கிய நம் முன்னோர்க்கு அவ்விளைஞர் யாவர் என்பது தெரிந்திராது. வெள்ளியின் தரமும் எடையுமே அவர்க்கு வேண்டியிருந்தன.