மின்னஞ்சலில் வரும் பில்லை நம்பலாமா?

மூட்டையில் சீல் உடைந்திருந்தால் நாம் சரக்கை இறக்குவதில்லை. லாரி ரசீதில் அனுப்புநர் பெயர் இரண்டு இருந்தால் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. ஆனால், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்கில் பணம் கட்டவும்" என்று பருப்பு மில் பெயரில் மின்னஞ்சல் வந்தால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். கம்மாபுரம் போன்ற ஊரில் ஒரு லோடு பணம் போனால் கடை எழுந்திருக்க வருடங்கள் ஆகும்.

தபால் உறையில் யார் விலாசத்தையும் யாரும் எழுதலாம். மின்னஞ்சலும் அப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது, எஸ்.பி.எஃப். ஒரு நிறுவனத்தின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் இது.

இரண்டாவது, டி.கே.ஐ.எம். அனுப்பும் கணினி கடிதத்தின் மேல் வைக்கும் மின்முத்திரை இது. முத்திரைக்குள் அடங்கிய பகுதியில் ஓர் இலக்கம் மாறினாலும் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது, டிமார்க். நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியும், மேற்கண்ட சோதனைகளில் தேறிய பெயரும் பொருந்துகின்றனவா என்று இது பார்க்கும்.

முத்திரை மட்டும் போதாது. கடிதத்தின் அமைப்பும் சரியாக இருக்க வேண்டும். அனுப்புநர் வரி ஒன்றுதான் இருக்கலாம் என்பது மின்னஞ்சல் விதி. மோசடிக்காரர் இரண்டாவது வரி ஒன்றைச் செருகிவிட்டால், கணினி ஒன்றைச் சோதிக்க, திரையில் மற்றொன்று தெரியக்கூடும். ஆகவேதான் 2011-ஆம் ஆண்டின் டி.கே.ஐ.எம். விதிமுறை, கடித அமைப்பையும் சரிபார்க்கும்படி கூறுகிறது.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சோதனைகளின் முடிவைக் காணலாம். 'பாஸ்' என்று இல்லாவிட்டால் உஷாராக வேண்டும்.

'பாஸ்' என்று இருந்தாலும் முழுக்க நம்பிவிடக் கூடாது. மில் பெயரில் ஓரெழுத்து மாற்றிப் புதிய முகவரி பதிவு செய்தவரும், மில்லின் கடவுச்சொல்லைத் திருடியவரும் 'பாஸ்' வாங்கிவிடலாம். எனவே, கணக்கு எண் மாற்றம் என்றால், பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே பணம் அனுப்புவோம். அந்த மின்னஞ்சலிலேயே உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்துள்ள வணிகர்கள், அதை அமைத்துக் கொடுத்தவரிடம் இம்மூன்றும் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நம் பெயரைச் சொல்லி நம் வாடிக்கையாளரை ஏமாற்ற இடம் கொடுக்கக் கூடாது அல்லவா?

பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.