தாய் மேல் பழி வேண்டாம்: டவுன் சிண்ட்ரோம் எப்படி வருகிறது?

பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னதும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் பக்கத்துத் தோட்ட வீடானாலும், முதல் கேள்வி தாயிடம்தான் போகிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா? எதையாவது பார்த்துப் பயந்தியா?" அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஒரு வேலையில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கிறது.

நம் உடல் செல்களில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக உள்ளன. கருமுட்டையிலும் விந்தணுவிலும் 23 மட்டுமே இருக்க வேண்டும். அப்படிப் பாதியாக்கும் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். அதில் 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போனால் பிள்ளைக்கு 47 வந்துவிடும். 1959இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற புரதம். வளையல் போல வளைத்துப் பிடிக்கும். பிரியும் நேரம் வந்ததும் செப்பரேஸ் என்ற இன்னொரு புரதம் கத்தரிக்கோல் போல வளையங்களை வெட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டிவிட்டால் கணக்கு குழம்பிவிடும். அதனால் முதல் பிரிவில் நடுப்பகுதி வளையங்களை வெட்டவிடாமல் ஷுகோஷின் காவல் காக்கிறது. ஜப்பானிய மொழியில் 'காவல் தெய்வம்' என்று பொருள். நம்ம ஊர் முனீஸ்வரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரிவில்தான் காவல் விலகும், அந்த வளையங்களும் அறுபடும்.

சிக்கல் எங்கே? ஆணுக்கு விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. பெண்ணுக்கோ, அவர் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கருமுட்டைகளில் வளையங்கள் மாட்டப்பட்டுவிடுகின்றன. 38 வயதில் கருத்தரிப்பவரின் முட்டையில் இருப்பது 38 வருடத்துக்கும் மேற்பட்ட பழைய வளையம். அவை புதுப்பிக்கப்படுவதில்லை, வயதாக ஆகக் குறைகின்றன என்பதை 2010இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேசை டிராயரில் பல வருடம் கிடந்த ரப்பர் பேண்ட் என்ன ஆகும்?

20 வயதுத் தாய்க்குச் சுமார் 1,500 பிரசவங்களில் ஒன்று, 35இல் சுமார் 350இல் ஒன்று, 40இல் சுமார் 100இல் ஒன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளை பிறப்பதுண்டு. சிறுபான்மையினருக்குக் கூடுதல் குரோமோசோம் தந்தை வழியாகவும் வருகிறது.

வெகு சில குடும்பங்களில் மட்டும் குரோமோசோம் ஒட்டிக்கொண்டு பரம்பரையாக வரலாம். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும் தம்பதியர், பிறந்த பிள்ளையின் குரோமோசோம் பரிசோதனை முடிவை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைக்கு இருதயப் பரிசோதனையும் அவசியம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயக் குறை இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறவாரியம் சின்ன வயதிலேயே இப்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.