சாமந்திக்கு இரவு விளக்கும் அதனுள் அமைந்த ஒளிர்பொடியும்

சாமந்தி இரவின் நீளத்தை அறிந்து பூக்கும் பயிராகும். இரவு குறுகியிருக்கும் வரையில் தண்டும் இலையுமாக வளர்ந்து, இரவு நீளும் பருவத்தில் மொட்டு வைக்கும் இயல்புடையது. செடி போதிய உயரம் பெறுமுன் மொட்டு வைத்துவிட்டால், காம்பு குட்டையாகிக் காம்புடன் விற்கும் பூவுக்குரிய விலை கிடைக்காமற் போகும். இதனைத் தடுக்கும் பொருட்டு நள்ளிரவையொட்டிச் சுமார் நான்கு மணி நேரம் விளக்கேற்றி, நீண்ட இரவை இரண்டு குறுகிய இரவுகளாகப் பிரிக்கும் முறை பல தேசங்களில் அநுஷ்டிக்கப்படுகிறது. ஜப்பானில் ஐச்சிப் பிரதேசத்தைச் சேர்ந்த அத்சுமி தீபகற்பம் இம்முறைக்குப் பெயர் பெற்ற இடம்.

இரவு பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள சம்பந்தத்தை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் வெளியிட்டனர். பின்னர் 1952-இல், அந்நாட்டுப் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர், செடிக்குள் ஒளியை உணரும் பொருள் ஒன்று உண்டென்றும், அது சிவப்பொளியால் தூண்டப்பட்டு, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் கடுஞ்சிவப்பொளியால் முன்னிலைக்குத் திரும்புகிறதென்றும் காட்டினர். ஒளியின் நிறத்தை நானோமீட்டர் என்னும் அளவால் குறிப்பது வழக்கம். நீலம் சுமார் 450, பச்சை 530, சிவப்பு 620-க்கு மேல். சாமந்தியின் மொட்டைத் தடுக்க 600 முதல் 660 வரையிலுள்ள ஒளியே மிகுந்த பயன் தருவது.

பழைய இழை பல்புகளில் சிவப்பு ஏராளம். ஆயினும் அவை உட்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. ஆகவே அவற்றை நீக்கி, எல்.இ.டி. வெள்ளை விளக்குகளை மாட்டுவோர் பெருகியுள்ளனர். இங்கேதான் கவனம் வேண்டும். கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தோன்றும் இரண்டு விளக்குகளில் ஒன்றில் சிவப்பு நிறைந்தும், மற்றொன்றில் மிகக் குறைந்தும் இருக்கக்கூடும்.

இதன் காரணத்தை அறிய விளக்கின் உள்ளமைப்பை நோக்குவோம். எல்.இ.டி. வெள்ளை விளக்கினுள் உள்ள சில்லு உண்மையில் நீல ஒளியையே தருகிறது. பிரகாசமான நீலச் சில்லை ஜப்பானில் நிச்சியா கம்பெனியைச் சேர்ந்த நகமுரா 1993-இல் வெளிப்படுத்தினார். அகசாகி, அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. குழல் விளக்குகளுக்கு ஒளிர்பொடி தயாரிப்பதில் அக்கம்பெனி முன்னரே தேர்ச்சி பெற்றிருந்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சட்பொடியைப் பூசி, நீலமும் மஞ்சளும் கலந்து வெண்மையாகத் தோன்றும் விளக்கை 1996-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பொடி, இட்டிரியமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்ஸைடில் சிறிதளவு சீரியம் கலந்தது. இத்தகைய பொடிகளை ஆங்கிலத்தில் பாஸ்பர் என்பர். பெயரைக் கேட்டு, உரத்திலுள்ள பாஸ்பரஸ் இதில் இருப்பதாக எண்ணவேண்டாம். மேற்கூறிய மஞ்சட்பொடியில் அது கிடையாது.

மஞ்சட்பொடி உறுதியானது, வெப்பத்தை நன்கு தாங்குவது. ஆனால் அதன் ஒளி 550 அளவில் உச்சமடைந்து, சிவப்புப் பக்கம் செல்லச் செல்ல மெலிந்துவிடும். இக்குறையைப் போக்கவே சிவப்புப் பொடிகள் தேடப்பட்டன. கால்சியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றின் நைட்ரைடில் யூரோப்பியம் சேர்த்த பொடி 650 அளவில் அகன்ற சிவப்பொளி தரும். இதனை நைட்ரஜன் வாயுவில் 1600 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சமைக்க வேண்டியிருப்பதால் விலை அதிகம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி மற்றொன்றை விருத்தி செய்தது. பொட்டாசியம் ஃபுளுவோசிலிகேட்டில் மாங்கனீசு சேர்ந்த அப்பொடியின் ஒளி 631 அளவில் மிகக் குறுகிய கோடாக விளங்கும்.

பொடி தயாரிப்போர் குறுகிய கோட்டை விரும்புவதற்குக் காரணம் மனிதனுடைய கண். 650-க்கு மேற்பட்ட ஒளி நம் கண்ணுக்கு மங்கலாதலால், அதனை வீண் என்று கணக்கிடுவர். பெட்டியின்மேல் அச்சிடும் லூமன் என்னும் அளவும் மனிதக் கண்ணை வைத்து ஏற்பட்டதே. செடியின் கணக்கு வேறு. லூமன் அதிகமென்று வாங்கிய விளக்கு சாமந்திக்கும் அதிகப் பயன் தருமென்று கொள்ளலாகாது.

புதிய பொடிகளுக்கும் குறை உண்டு. நீலத்தைச் சிவப்பாக மாற்றுகையில், பொடி எவ்வளவு சிறந்ததாயினும், நூற்றுக்குச் சுமார் 30 பங்கு சக்தி வெப்பமாகக் கழிந்தே தீரும். வெப்பம் ஏறினால் பல பொடிகளின் ஒளி மங்கும். மாங்கனீசுப் பொடிக்கு ஈரம் ஆகாது. மேற்பரப்பு பழுப்பேறிச் சிவப்பு குன்றும். துகள்களுக்கு மேலுறை இடும் வேலை இதற்காகவே நடைபெற்று வருகிறது. பாலித்தீன் கூடாரத்தில் தெளிப்பு நீரும் பனிப்பும் நாள்தோறும் உள்ளவையாகையால், பயிர் செய்வோருக்கு இது சிறிய விஷயமன்று.

நீலகிரியிலும் ஓசூர்ப் பக்கத்திலும் கூடாரச் சாமந்திக்கு விளக்கு வாங்குவோர், பெட்டியில் கெல்வின் என்ற எண்ணைப் பார்க்கவேண்டும். 2700 முதல் 3000 வரையுள்ளதில் சிவப்பு மிகுதி. 6500-இல் நீலம் மிகுதி. பின்னதும் பயனற்றதன்று, ஆயினும் கூடுதல் விளக்குகள் வேண்டியிருக்கும். ஆர்-9 என்னும் எண் கொடுக்கப்பட்டிருப்பின், அது உயர்ந்துள்ளதையே தெரிந்தெடுக்க. நீர் புகாத மூடியும், வெப்பத்தை வெளியேற்றும் உலோக முதுகும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்க. விளக்குகளைப் பாத்தி முழுவதும் மாட்டுமுன் ஒரு வரிசையில் மட்டும் வைத்து, மொட்டு நிற்கிறதா என்று ஒரு பருவம் பார்த்தல் உத்தமம். விளக்கை நிறுத்திய நாள் முதல் பூ அறுக்க, ரகத்துக்கேற்ப ஏழு முதல் பத்து வாரம் வரை செல்லுமாதலால், சந்தை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விளக்கை நிறுத்தும் தேதியைக் குறித்துக்கொள்ளவும்.